ஒரு புளொக், ஒரு கன மீற்றர்: வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், கணினி வள நிலையப் பொறுப்பாளர்களுக்கும், கணித, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடங்களின் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மெய்நிகர் உலகத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம் என்று யாராவது உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், அநேகமாகக் கையில் ஒரு விலைப்பட்டியலும் இருக்கும். அதன் முதல் வரியில் தலையில் மாட்டும் கண்ணாடிப் பெட்டி இருக்கும். அந்தப் பட்டியலில் கையொப்பமிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இம்மடலைத் தொடங்குகிறோம். அதே வேலையை, பாடசாலையில் ஏற்கெனவே இருக்கும் கணினிகளில், இணைய இணைப்பு இல்லாமல், மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் செய்யலாம். எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும், எந்தப் பாடத்துக்கு இதைத் தொடவே கூடாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. 36 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பெட்டிகள் இருந்தால், ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கவே அரை மணித்தியாலம் போய்விடும். எந்த நேரத்திலும் 30 பேர் கைகட்டி நிற்பார்கள். பல தயாரிப்பாளர்கள் தாங்களே வயதெல்லை வைத்திருக்கிறார்கள். கீழ் வகுப்புகளுக்கு அது பொருந்தாது. எங்கள் வெயிலில் முகத்தில் படும் பஞ்சு வியர்வையில் நனைந்துவிடும். அதையே அடுத்த பிள்ளைக்கு மாட்ட வேண்டும். எல்லாவற்றிலும் மோசம், யன்னலோரம் மேசையில் கவிழ்க்காமல் வைத்த பெட்டி. உள்ளே இருக்கும் வில்லைகள் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். அந்தப் புள்ளி பிறகு போகாது.

இரண்டாவது, இணையத்தில் வேறொருவரின் சேர்வரில் இயங்கும் உலகங்கள். அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுடையவை அல்ல. கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021இல் நிறுத்தப்பட்டது. ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லாவின் ஹப்ஸ் 2024 மே 31இல் நின்றது. அவற்றை நம்பிப் பாடக்குறிப்பு எழுதிய ஆசிரியர்களுக்கு மிஞ்சியது குறிப்பு மட்டுமே. ஒரு பாடத்திட்டம் பல வருடங்கள் ஓடும். அதற்குக் கருவி தெரிவு செய்யும்போது, தயாரித்தவர் நாளைக்கே கடையைப் பூட்டினாலும் நம் ஆய்வுகூடத்தில் அது ஓட வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள்.

அந்த நிபந்தனைக்குள் வருவது லுவான்டி. 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி 2024இல் பெயர் மாறிய திறந்த மூல மென்பொருள். பிள்ளைகள் மைன்கிராஃப்ட் என்று அறிந்திருப்பதைப் போன்றதே: உலகம் முழுவதும் புளொக் எனப்படும் ஒரே அளவான கனவுருக்களால் ஆனது; அவற்றைத் தோண்டலாம், அடுக்கலாம். விண்டோஸுக்கான பொதியை நிறுவத் தேவையில்லை. பென்டிரைவில் இருந்து விரித்து வைத்தால் ஓடும். 4 ஜிபி நினைவகமும், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரணத் தாய்ப்பலகையும் போதும்.

ஆய்வுகூடத்தில் இதை அமைக்கும் வேலை ஒரு பின்னேரத்தில் முடியும். பிழைக்கும் இடங்கள் தெரியாவிட்டால் ஒரு கிழமை ஆனாலும் முடியாது. எனவே பிழைக்கும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

15 மாணவர் கணினிகள், ஆசிரியருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் கணினியே சேர்வர். எல்லாவற்றையும் 24 வாய் சுவிட்ச் ஒன்றில் கேபிளால் இணையுங்கள். வீட்டுப் பாவனைக்கான ரவுட்டரின் வைஃபையில் 15 கணினிகளைத் தொங்கவிட்டால், பிள்ளை ஓரடி வைக்க உருவம் மூன்றடி பின்னால் இழுபடும். கடற்கரையோரப் பாடசாலைகளில் உப்புக் காற்று கேபிள் முனைகளின் செம்புப் பகுதியைப் பச்சை பிடிக்கச் செய்யும். ஒரு கணினி மட்டும் அடிக்கடி விடுபட்டால் மென்பொருளைக் குறை சொல்லுமுன் முனையைக் கழற்றிப் பாருங்கள். மேலதிகமாகப் பத்து முனைகளும் அவற்றைப் பொருத்தும் குறடும் அலுமாரியில் இருக்கட்டும்.

சேர்வர் கணினிக்கு மாறாத முகவரி ஒன்று கொடுங்கள்: 192.168.1.10 போல. அதைக் கரும்பலகையின் மூலையில் எழுதி அழியாமல் விடுங்கள். லுவான்டி யுடிபி முறையில் 30000 ஆம் போர்ட்டில் (கணினியின் வலையமைப்பு வாயிலில்) பேசுகிறது. விண்டோஸின் தீச்சுவர் (ஃபயர்வோல்) அதை முதல் நாளிலேயே தடுக்கும். சேர்வரில் எல்லாம் சரியாக ஓட, மற்றக் கணினி ஒன்றுகூட உள்ளே வர முடியாமல் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அடுத்தது பதிப்பு. பதிப்புகள் வேறுபட்டால் சில கணினிகள் உள்ளே வர மறுக்கும், சில வந்து விபரீதமாக நடந்துகொள்ளும். ஒரே பென்டிரைவில் இருந்து ஒரே கோப்புறையை எல்லாக் கணினிக்கும் பிரதி செய்வதே பரிகாரம். இன்னொன்று: புதிய பதிப்புகளில் மைன்டெஸ்ட் கேம் என்ற அடிப்படை விளையாட்டு கூடவே வராது. இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை தனியாக இறக்கி, கேம்ஸ் கோப்புறைக்குள் வைத்துக்கொண்டு வர வேண்டும். இதை மறந்து இணையமில்லாத பாடசாலைக்குப் போனால் வெறும் பட்டியல் திரைதான் காட்சி தரும்.

முதல் தடவை நுழையும்போது சேர்வர் படங்களையும் ஒலிகளையும் ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பும். எல்லாரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடாமல், ஐந்து ஐந்தாக விடுங்கள். காட்சித் தூரம் இயல்பாக 190 புளொக் என்று இருக்கும். பழைய கணினிகளில் அதை 50க்குக் குறைத்தால் ஓட்டம் சீராகும். நடக்கும்போது திரை ஆடும் அமைப்பைப் பூச்சியமாக்குங்கள். சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றி வாந்தி வருவதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம்.

சேர்வரின் அமைப்புக் கோப்பில் ஆக்க நிலையை இயக்கத்திலும், காயம் படுவதையும் ஒருவரை ஒருவர் தாக்குவதையும் நிறுத்தத்திலும் வையுங்கள். நெருப்பையும் நிறுத்துங்கள். நேர வேகத்தைப் பூச்சியமாக்குங்கள். இயல்பான அமைப்பில் ஒரு நாள் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பாடம் சூடுபிடிக்கும்போது இருட்டி, யாருக்கும் ஒன்றும் தெரியாது. பின்னோக்கிப் பதிவு என்ற அமைப்பை மறக்காமல் இயக்குங்கள். யாராவது அடுத்தவரின் வேலையை உடைத்தால், ரோல்பேக் கட்டளையில் அந்தப் பெயரையும் நேரத்தையும் விநாடிகளில் கொடுத்து, உடைத்ததை மட்டும் திரும்பப் பெறலாம். உடைப்பு நடக்கும், முதல் நாளே நடக்கும். தண்டிப்பதைவிட, உடைத்தவர் கண்முன்னே எல்லாம் திரும்பி எழுவதைக் காட்டுவது பலன் தரும்.

மின்சாரம். 650 விஏ யுபிஎஸ் ஒன்றைச் சேர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் கொடுங்கள். மாணவர் கணினிகள் அணைந்தால் நட்டமில்லை. உலகம் சேர்வரில்தான் இருக்கிறது. பாடம் முடிந்ததும் சேர்வரை முறையாக நிறுத்திய பிறகே உலகக் கோப்புறையைத் திகதியிட்டுப் பிரதி எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதி பார்வைக்குச் சரியாக இருக்கும், தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம்.

பெயர்கள். மென்பொருள் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். வகுப்பையும் இடாப்பு இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளையின் சொந்தப் பெயர் வேண்டியதில்லை. தமிழில் அறிவிப்புப் பலகை வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: கொக்கட்டிச்சோலை என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நின்றால், அந்தப் பதிப்புக்குத் தமிழைக் கோர்க்கத் தெரியாது. உடைந்த தமிழைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டாம். உலகத்துக்குள் இலக்கங்களை மட்டும் வைத்து, விளக்கத்தைத் தாளில் கொடுங்கள்.

இனி, மிக முக்கியமான விடயம். இந்த உலகம் சிலவற்றில் மிகச் சரியாக இருக்கிறது. சிலவற்றில் துணிந்து பொய் சொல்கிறது. எது எது என்று தெரியாத ஆசிரியரின் கையில் இது கொடுக்கப்பட்டால், பிள்ளை பிழையானதை வாழ்நாள் முழுவதும் மறக்காதபடி கற்றுக்கொள்ளும்.

சரியானது: கனவளவு, பரப்பளவு, ஆள்கூறு, அளவிடை, திசை. ஒரு புளொக் ஒரு கன மீற்றர். அதாவது 1000 லீற்றர். புத்தகத்தில் சூத்திரமாக இருப்பது இங்கே பிள்ளையின் முன்னால் ஆளுயரத்துக்கு அரைவாசிக்கு மேல் நிற்கும். அதன் பக்கத்தில் போய் நின்ற பிள்ளைக்கு ‘ஆயிரம் லீற்றர் தாங்கி’ என்பதன் அளவு மறக்காது.

பொய்யானவற்றில் முதலாவது தண்ணீர். மைன்டெஸ்ட் கேமில் சாதாரணத் தண்ணீர் சமதரையில் எட்டு புளொக் தூரம் ஓடி நின்றுவிடும். இரண்டு ஊற்றுகளுக்கு நடுவே மூன்றாவது ஊற்று தானாகப் பிறக்கும். துருசைத் (மதகைத்) திறந்தாலும் குளத்தின் மட்டம் இறங்காது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடக்கிறது? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எந்தக் கண்டத்துக்குத் (வயற்பகுதிக்குத்) தண்ணீர், எந்தக் கண்டம் இம்முறை தரிசு என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பேசித் தீர்க்கிறார்கள். வயல்களின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டைவிதானை வாய்க்கால் வாய்க்காலாக நடக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு, குறையாத குளம் ஒன்றைக் காட்டி நீர்ப்பாசனம் கற்பிப்பது அநியாயம். தண்ணீர் வேண்டிய இடத்தில் நீல நிறக் கம்பளிப் புளொக்கைப் பாவியுங்கள். அது ஓடாது, பெருகாது. எடுத்தால் குறையும், எண்ணினால் கணக்கு வரும்.

இரண்டாவது பாரம். மணல், சரளை போன்ற சிலவற்றைத் தவிர எந்தப் புளொக்கும் கீழே விழாது. தூண் இல்லாமல் வாவிக்குக் குறுக்கே பாலம் போடலாம், பிறகு கரையை உடைத்தாலும் பாலம் அந்தரத்தில் நிற்கும். பொறியியலோ விசையோ கற்பிக்க இது உதவாது. ஆனால் கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, ‘உன் பாலத்தில் இல்லாத எது இதில் இருக்கிறது?’ என்று கேட்பதற்கு நன்றாக உதவும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: சாய்ந்த கோடும் வட்டமும். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம், வட்டமான கோபுரம். உயரத்தைக் கட்டுவது அருமையான பயிற்சி. ஆனால் சுற்றளவை எண்ணச் சொன்னால் வில்லங்கம். 20 மீற்றர் விட்டமுள்ள வட்டம் ஒன்றைப் புளொக்கால் போட்டு, வெளிவிளிம்பை அளந்தால் 80 மீற்றர் வரும். உண்மையில் அது 62.8 மீற்றர். புளொக்கை எவ்வளவு சிறிதாக்கினாலும் படிக்கட்டு விளிம்பின் நீளம் குறையாது. பரப்பளவோ ஏறத்தாழச் சரியாக வரும். இது ஏன் என்று 10, 11ஆம் தரப் பிள்ளைகளுடன் பேசினால் ஒரு நல்ல பாடவேளை கிடைக்கும். தெரியாமல் 7ஆம் தரத்தில் கொடுத்தால் பை என்பது 4 ஆகிவிடும்.

முழுப் பாடம் ஒன்றைச் சொல்கிறோம். 8 அல்லது 9ஆம் தரத்துக்கு, 80 நிமிடம் வேண்டும், சமதரையான உலகம் வேண்டும்.

ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீற்றர். 64க்கு 63 என்று வேலி போட்டால் 4032. அரை வீதத்துக்கும் குறைவான வித்தியாசம். அந்தக் காணியை ஆசிரியர் முன்கூட்டியே வரம்பு கட்டி வைப்பார். பிள்ளைகள் முதலில் வரம்பில் ஒரு சுற்று நடக்கட்டும். ‘எங்கட அப்பா மூன்று ஏக்கர் செய்யிறார்’ என்று சொல்லும் பிள்ளைக்குக்கூட அந்த ஏக்கரை மீற்றரில் எண்ணிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்திருக்காது. அடுத்த கேள்வி: இந்த வயலில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க எத்தனை கன மீற்றர் வேண்டும்? தாளில் கணக்கு: ஏறத்தாழ 405. இப்போது அந்த 405ஐக் கொள்ளும் குளம் ஒன்றைத் தோண்டச் சொல்லுங்கள். வடிவம் அவரவர் விருப்பம், ஆனால் தோண்டுமுன் நீளம், அகலம், ஆழம் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். சிலர் 15, 9, 3 என்று வருவார்கள். சிலர் 9, 9, 5. ஒரு சோடி கட்டாயம் 405க்கு 1 ஆழம் 1 என்று வந்து, தங்கள் குழி முடிவில்லாமல் நீள்வதைக் கண்டு தாங்களே நிறுத்துவார்கள்.

தோண்ட 10 நிமிடம் ஒதுக்குங்கள். பெரும் பரப்பை ஒரே கட்டளையில் அகற்றும் வேர்ல்ட்எடிட் போன்ற மொட் (லுவான்டியோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். கையால் அகற்றும்போதுதான் 405 என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரியும்.

இங்கே வரும் பிழை எப்போதும் ஒன்றுதான். எஃப் 5 விசையை அழுத்தினால் நிற்கும் இடத்தின் ஆள்கூறு தெரியும். 10இல் தொடங்கி 25இல் முடித்துவிட்டு, 25இல் இருந்து 10ஐக் கழித்து 15 மீற்றர் என்று எழுதுவார்கள். எண்ணினால் 16 இருக்கும். வேலிக்கு முளைக்கட்டை நடும் எவருக்கும் தெரிந்த கணக்கு இது: நாலு இடைவெளிக்கு ஐந்து கட்டை. அதைச் சொன்னால் புரியும். இன்னொரு குழப்பம், திரையில் 8.5 என்று தசமம் தெரிவது. புளொக்கின் நடுப்பகுதிதான் முழு எண். பிள்ளை நிற்பது அதன் மேற்பரப்பில். உயரத்தைக் குறிப்பது வை, கிழக்கு எக்ஸ், வடக்கு இசட் என்பதையும் பலகையில் எழுதி விடுங்கள். வரைபுத் தாளில் வை மேல் நோக்கிப் போவதைப் பழகிய பிள்ளைகள் வடக்கே போக வேண்டிய இடத்தில் வானத்தைப் பார்ப்பார்கள்.

தோண்டி முடிந்ததும் நல்ல பகுதி தொடங்கும். எல்லாக் குளமும் ஒரே கொள்ளளவு. வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 15க்கு 9 குளத்தின் மேற்பரப்பு 135 சதுர மீற்றர், நாளைக்கு 0.675 கன மீற்றர் போகும். 9க்கு 9 குளத்தில் 0.405 போகும். ஒரு மீற்றர் ஆழக் குளத்தில் இரண்டு கன மீற்றருக்கும் மேல். அதே தண்ணீர், அதே வெயில். தூர்ந்துபோன குளத்தை ஏன் ஆழப்படுத்தச் சொல்கிறார்கள் என்ற கேள்வியை யாராவது ஒரு பிள்ளையே கேட்கும். கேட்காவிட்டால் ஆசிரியர் கேட்கட்டும்.

கெட்டிக்கார வகுப்பு என்றால் இன்னொரு படி போகலாம். இங்கினியாகலையில் உள்ள சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஏறத்தாழ 95 கோடி கன மீற்றர். எந்தச் சேர்வரிலும் அதைப் புளொக் புளொக்காகக் கட்ட முடியாது. ஒரு புளொக்கின் பக்கம் 100 மீற்றர் என்று கொண்டால்? ஒரு புளொக் 10 இலட்சம் கன மீற்றர் ஆகிவிடும். 950 புளொக் போதும். பத்துக்குப் பத்து, உயரம் ஒன்பதரை. நீளத்தை நூறால் பிரித்தால் கனவளவு பத்து இலட்சத்தால் பிரிபடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலத்தின் உயரத் தரவை எடுத்து உலகமாக மாற்றும் மொட்கள் இருக்கின்றன. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர். ஒரு புளொக் 10 மீற்றர் என்று போட்டால் 5600 புளொக். 62,000 புளொக் அகலமுள்ள லுவான்டி உலகத்தில் தாராளமாக அடங்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் மேலிருந்து பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரிதும் பாவிக்கப்படுவது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடரால் அளந்தது. 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. அந்த ராடர் வெறும் தரையை அளக்கவில்லை. மரத்தின் தலையையும் கூரையையும் சேர்த்தே அளந்தது. எங்கள் கரையோரம் கடல்மட்டத்துக்குச் சில மீற்றரே மேலே இருக்கிறது. ஆகவே அந்தத் தரவில் தென்னந்தோப்பு மேடாகத் தெரியும். மேட்டு நிலம் எது, பள்ளம் எது, வெள்ளம் எங்கே ஏறும் என்று அந்த உலகத்தை வைத்துக் கற்பித்தால், தோப்புக்குள் ஓடினால் தப்பலாம் என்ற பாடத்தையே பிள்ளை கொண்டுபோகும். வடிவத்தையும் திசையையும் மட்டும் அதில் காட்டுங்கள். உயரத்துக்கு நில அளவைப் படத்துக்கும், வெள்ளம் ஏறிய இடங்களை நினைவில் வைத்திருக்கும் ஊராருக்கும் போங்கள்.

இதோடு சேர்ந்தது, நாங்கள் மிகுந்த கவலையோடு எழுதுவது. அனர்த்த முகாமைத்துவத்துக்காக வெளியேறும் பாதையை மெய்நிகர் உலகத்தில் நடந்து பார்க்கும் எண்ணம் யாருக்கும் இயல்பாகவே வரும். லுவான்டியில் உருவம் நடக்கும் வேகம் விநாடிக்கு 4 மீற்றர், மணிக்கு 14.4 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றரை நாலு நிமிடத்தில் கடந்துவிடும். மனிதர் சாதாரணமாக நடப்பது விநாடிக்கு ஏறத்தாழ 1.3 மீற்றர், அதே தூரத்துக்குப் பதின்மூன்று நிமிடம். அம்மம்மாவைக் கைபிடித்துக்கொண்டு விநாடிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் போனால் 21 நிமிடம். கடற்கரைக் கிராமத்தில் இந்த வித்தியாசம் உயிர். அமைப்புக் கோப்பில் மூவ்மென்ட் ஸ்பீட் வோக் என்ற வரியை 1.3 ஆக மாற்றாமல், வேகமாக ஓடும் அனுமதியை நீக்காமல், இந்தப் பயிற்சியை எந்தப் பாடசாலையிலும் அனுமதிக்க வேண்டாம்.

அலையைக் காட்டவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்கள் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் அந்த நாளில் ஆளை இழக்காத தெரு எது? சொந்த ஊரைப் புளொக்கால் கட்டி, அதன் மேல் தண்ணீர் ஏறுவதைப் பிள்ளைக்குக் காட்டுவதில் எந்தப் பாடமும் இல்லை. பாதை, தூரம், நேரம் ஆகிய மூன்றும் போதும்.

வரலாற்றுப் பாடத்துக்கு மட்டக்களப்புக் கோட்டை பொருத்தமானது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்துக் கட்டச் சொன்னால் அழகான, பிழையான கோட்டை வரும். அனுமதி பெற்று, 30 மீற்றர் அளவுநாடாவோடு போய், மதில் நீளத்தையும் கனத்தையும் அளந்து, கொப்பியில் எழுதி வந்த பிறகே கணினியைத் திறக்க வேண்டும்.

வகுப்பை நடத்துவது பற்றிச் சில வார்த்தைகள். கணினிக்கு இருவர்: ஒருவர் சுட்டியையும் விசைப்பலகையையும் பிடிப்பார், மற்றவர் தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு எங்கே, எத்தனை என்று சொல்வார். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற வேண்டும். மணி இல்லாவிட்டால், வீட்டில் கேம் விளையாடிப் பழகிய பிள்ளை 80 நிமிடமும் சுட்டியை விடாது. அநேகமான வகுப்புகளில் பெண் பிள்ளைகள் பார்வையாளராகிவிடுவார்கள். முதலாம் பாடத்தில் எந்தக் கணக்கும் வேண்டாம். நடக்க, திரும்ப, ஒரு புளொக்கை வைக்க, எடுக்க. அதைக் கொடுக்காமல் நேரே கணக்குக்குப் போனால், தோற்றது கணிதத்திலா விசைப்பலகையிலா என்று யாருக்கும் தெரியாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது அதிகம் இல்லை. ஆய்வுகூடக் கணினிகளின் நிர்வாகக் கடவுச்சொல் அதிபரிடமும் பொறுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை ஒன்று அனுப்புங்கள். தீச்சுவரில் ஒரு போர்ட்டைத் திறக்க வெளியாள் வரும்வரை காத்திருக்கும் ஆய்வுகூடத்தில் எந்தப் புதுமையும் நடக்காது. கண்ணாடிப் பெட்டிக்கு ஒதுக்க இருந்த பணம் இருந்தால், அதை யுபிஎஸ்ஸுக்கும் சுவிட்சுக்கும் கேபிளுக்கும் கொடுங்கள். இதைக் கண்காட்சிப் போட்டி ஆக்காதீர்கள். ஆக்கினால் நாலு கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்னேரம் முழுக்க இருந்து மாளிகை கட்டுவார்கள், மற்றவர்களுக்குப் பாடமும் போய்விடும்.

பலனை அளந்து பாருங்கள் என்பதும் எங்கள் வேண்டுகோள். ஒரே பாடசாலையின் இரண்டு சமாந்தர வகுப்புகளில் ஒன்றுக்கு லுவான்டி, மற்றதற்கு மட்டையில் வெட்டி ஒட்டிய சிறு கனவுருக்கள், ஆசிரியர் ஒருவரே. கனவளவு பற்றிப் பத்துக் கேள்விகளைப் பாடத்துக்கு முன்னும் பின்னும், பிறகு ஒரு மாதம் கழித்தும் கொடுங்கள். இரண்டு வகுப்பும் ஒரே மாதிரி வந்தால், அந்த அலகுக்கு மட்டையே போதும் என்று துணிந்து எழுதுங்கள்.

தமிழ்மொழி, சிங்களமொழிப் பாடசாலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அம்பாறை மாவட்டத்துக்கு ஒரு யோசனை. அக்கரைப்பற்றில் ஒரு வகுப்பு கட்டிய உலகத்தைப் பென்டிரைவில் போட்டு அம்பாறை நகரப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பலாம். அவர்கள் அதில் தங்கள் பகுதியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பட்டும். புளொக்குக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. நேரடி இணைப்பை இப்போது நினைக்க வேண்டாம். அதற்கு வேண்டிய இணைய வேகமும் மேற்பார்வையும் வேறு.

பயிற்சி மூன்று நாள் போதும். வலயக் கணினி வள நிலையத்தில், பாடசாலைக்கு இருவர்: கணித ஆசிரியர் ஒருவர், கணினி ஆசிரியர் ஒருவர். தனியே கணினி ஆசிரியரை மட்டும் அழைத்தால் இது கணினிப் பாடமாகவே நின்றுவிடும். முதல் நாள் பென்டிரைவில் இருந்து தொடங்கி வலையமைப்பில் உலகத்தை ஏற்றுவது. பிறகு பயிற்றுநர் வேண்டுமென்றே கேபிளைக் கழற்றியும், பதிப்பை மாற்றியும், தீச்சுவரைப் பூட்டியும் வைப்பார், ஆசிரியர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் நாள் மேலே சொன்ன ஏக்கர்ப் பாடத்தை மாணவராக இருந்து முழுமையாகச் செய்வது. மூன்றாம் நாள் காலையில் கணினி வேண்டாம். வெளியே போய் ஒரு மண்டபத்தையோ மைதானத்தையோ அளந்து வந்து, பின்னேரம் அதைக் கட்டுவது. அந்த நாளுக்கு இருவருக்கு ஒரு அளவுநாடா கொண்டுவரச் சொல்லி அழைப்புக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். தையல் நாடா சரிவராது. 30 மீற்றர் நாடா.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பாடசாலைக் கணினி ஆய்வுகூடங்களில் கற்பிப்போரும் அவற்றைப் பராமரிப்போரும்